எந்தப் பக்கவிளைவோடு வாழ முடியும் என்பதை யார் முடிவு செய்வது?

சர்க்கரை நோய் வந்து சில ஆண்டுகள் கழிந்தபின் பலருக்குப் பாதத்தில்தான் முதல் அடையாளம் தெரிகிறது. விரல் நுனியில் மதமதப்பு, பிறகு குத்தல், பிறகு எரிச்சல். பகலில் வேலை மும்முரத்தில் எப்படியோ பொறுத்துக்கொள்கிறார்கள். இரவில் வீடு அடங்கியபின் உள்ளங்காலில் மிளகாய் அரைத்துத் தடவியது போல எரியத் தொடங்கும். போர்வை உரசினாலும் தாங்காது. சிலர் எழுந்துபோய் ஈரத் தரையில் காலை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் ஒரு சிறு பங்கினருக்கு இந்த வலி வந்தாலும் எத்தனை லட்சம் வீடுகளில் இரவு கெடும் என்று எண்ணிப் பாருங்கள். அக்கி வந்து ஆறியபின்னும் விடாத வலி, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி ஆகியவற்றால் தூக்கம் இழந்தவர்கள் தனி.

அடிபட்ட இடத்தில் வலித்தால் பாராசிட்டமால் கேட்கும். இந்த வலிக்கு அது பெரும்பாலும் கேட்பதில்லை. இங்கே பழுதாகியிருப்பது வலிச் செய்தியைச் சுமந்து செல்லும் நரம்பேதான். காயமே இல்லாதபோதும் அது செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்திப் போக்கைத் தணிக்கும் மருந்துகள் வேறு நோய்களுக்காக வந்தவை. கேபாபென்டின் 1993இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கு அனுமதி பெற்றது. அதன் வழியில் வந்த பிரிகாபாலின் 2004இல் அனுமதி பெற்றது. அமிட்ரிப்டிலின் 1961 முதல் மனச்சோர்வுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. டுலோக்செடினும் மனச்சோர்வு மருந்துதான்.

முதல் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. மருந்துக்கடையிலிருந்து வந்ததும் வீட்டில் இளையவர் யாராவது கைபேசியில் மாத்திரையின் பெயரைத் தேடுவார். மனச்சோர்வு மருந்து என்றோ வலிப்பு மருந்து என்றோ திரையில் வரும். ‘கால் எரிகிறது என்று போனால் மனநோய்க்கு மாத்திரை கொடுத்திருக்கிறாரே’ என்று அட்டை அப்படியே அலமாரிக்குள் போய்விடும். வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் வழக்கமாக இரவில் 10 மி.கி.யில் தொடங்குகிறது, மனச்சோர்வுக்குத் தரும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம். மருத்துவர் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும் நேரத்தில் அந்த ஒரு வரி விடுபட்டுப்போகிறது.

இந்த மருந்துகளில் எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு 2022இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு தெளிவான விடை தந்தது. ‘ஆப்ஷன்-டிஎம்’ என்று பெயரிட்ட அந்த ஆய்வில் சர்க்கரை நோயால் நரம்பு வலி வந்த 130 பேர் பங்கேற்றார்கள். அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், பிரிகாபாலின் ஆகிய மூன்றில் ஒன்றில் தொடங்கி, வலி போதுமான அளவு குறையாவிட்டால் இன்னொன்றைச் சேர்ப்பது என மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். மூன்று வழிகளும் வலியை ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் குறைத்தன. வித்தியாசம் பக்கவிளைவில் இருந்தது. பிரிகாபாலின் எடுத்தவர்களுக்குத் தலைசுற்றல் அதிகம். டுலோக்செடின் எடுத்தவர்களுக்குக் குமட்டல் அதிகம். அமிட்ரிப்டிலின் எடுத்தவர்களுக்கு வாய் உலர்வது அதிகம்.

வலியைக் குறைப்பதில் மூன்றும் சமம் என்றால், எந்த மருந்து என்ற கேள்வியே எந்தப் பக்கவிளைவு என்ற கேள்வியாகிவிடுகிறது. அதற்கு விடை சொல்லும் தகுதி, அந்த உடம்போடு நாளெல்லாம் வாழ்கிறவருக்குத்தான் அதிகம். லாரி ஓட்டுபவருக்குத் தலைசுற்றல் பிழைப்பைப் பறித்துவிடும். ஏற்கெனவே பசியில்லாமல் மெலிந்துபோன பாட்டிக்குக் குமட்டல் ஆகாது. புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் கழிக்கவே சிரமப்படும் தாத்தாவுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்தால், ஒரே இரவில் சிறுநீர் முழுவதுமாக அடைத்துக்கொண்டு குழாய் போட வேண்டிய நிலை வரலாம். ‘நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், இரவில் எத்தனை முறை எழுவீர்கள்’ என்று கேட்காமல் எழுதப்படும் சீட்டு அரைகுறையானது என்பதே என் எண்ணம்.

இவற்றில் நம் ஊரில் மிக அதிகமாக எழுதப்படுகிற பிரிகாபாலினை எடுத்துக்கொள்வோம். நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாயிலின் ஒரு பகுதியில் இது போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் வலிச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள்கள் குறைவாகச் சுரக்கின்றன. ஆனால் அதே வாயில்கள் மூளை முழுவதும் இருக்கின்றன. கால் வலியை மட்டும் தேடிப் போய்த் தணிக்க மருந்துக்குத் தெரியாது. அதனால்தான் தூக்கக் கலக்கம், கிறுகிறுப்பு, கண் மங்கல், பேசும்போது சொல் சட்டென்று நினைவுக்கு வராமல் தடுமாறுவது எல்லாம் சேர்ந்து வருகின்றன. தொடக்க வாரங்களில் இவை கடுமையாக இருந்து, பலருக்குப் பிறகு தணிகின்றன. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால் இந்தக் கட்டத்தைக் கடப்பது எளிது. முதல் நாளே 75 மி.கி. இரு வேளை என்று தொடங்கிய வயதானவர்கள் மறுநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

எடை கூடுவதும் கால் வீங்குவதும் அப்படித் தணிபவை அல்ல. என் உறவினர் ஒருவருக்குப் பிரிகாபாலின் தொடங்கிய சில வாரங்களில் மெட்டி விரலை இறுக்கத் தொடங்கியது. செருப்பு வார் பதிந்த தடம் மாலைவரை மறையவில்லை. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெல்லத்தான் நிரம்பியது. உப்பைக் குறைத்தார்கள். இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள். நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். அந்த நீர் மாத்திரையால் இரவில் மூன்று முறை கழிப்பறைக்குப் போகவேண்டி வந்தது. கிறுகிறுப்போடு இருட்டில் நடந்தார். புதிதாகச் சேர்ந்த மாத்திரை பிரிகாபாலின் ஒன்றுதான் என்பதை யாரும் இணைத்துப் பார்க்கவில்லை. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி அதற்கு இன்னொரு மருந்து, அதன் விளைவுக்கு மேலும் ஒன்று என்று சங்கிலி நீள்வதை முதியோர் மருத்துவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருகிறார்கள். சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோனோ, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினோ எடுப்பவர்களுக்கு அவற்றாலேயே கால் வீங்கக்கூடும். அதன்மேல் பிரிகாபாலினும் சேர்ந்தால் வீக்கம் கூடுவதில் வியப்பில்லை.

சிறுநீரகத்தைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலான மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கும். பிரிகாபாலினும் கேபாபென்டினும் அப்படியில்லை. உடம்பில் சிதையாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகின்றன. சிறுநீரகம் மந்தமானால் மருந்து ரத்தத்தில் தேங்கும். சர்க்கரை நோய் நரம்பைக் கெடுத்த அதே ஆண்டுகளில் சிறுநீரகத்தையும் கெடுத்திருக்க வாய்ப்புண்டு. ஆக, இந்த மருந்து யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ அவர்களிடம்தான் அது தேங்கும் ஆபத்தும் அதிகம். பெரியவர் பகலெல்லாம் தூங்கி வழிகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார், கை திடீர் திடீரென்று வெட்டி இழுக்கிறது என்றால் ‘வயசாகிவிட்டது’ என்று விட்டுவிடாமல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைப் பார்த்து மருந்தளவைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அமிட்ரிப்டிலின் மலிவானது, பழையது, பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. தூக்கத்தையும் சேர்த்துத் தருவதால் இரவில் ஒரே மாத்திரையாக முடிந்துவிடும் வசதியும் உண்டு. அதன் விலையை உடம்பு உலர்ந்துபோவதில் கொடுக்கிறோம். வாய் வறண்டு உப்புமா தொண்டையில் இறங்காது. பல்செட் ஈறில் உரசிப் புண்ணாகும். எச்சில் குறைந்தால் பல் விரைவில் சொத்தையாகும். வறட்சிக்கு மிட்டாய் சப்புவது சர்க்கரை நோயாளிக்கு வழியல்ல. அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், சர்க்கரையில்லாத சூயிங்கம் ஆகியவை உதவும். மலச்சிக்கல் வரும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டுலோக்செடினில் தொடக்கக் குமட்டல் சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் குறையும். வியர்வையும் ரத்த அழுத்தம் சற்று ஏறுவதும் சிலருக்குத் தொடரும்.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. இந்திய மருந்துக்கடைகளில் பிரிகாபாலின் தனியாகக் கிடைப்பதைவிட மெத்தில்கோபாலமின் (பி12 வைட்டமினின் ஒரு வடிவம்), நார்ட்ரிப்டிலின் போன்றவற்றோடு கலந்த கூட்டு மாத்திரையாகவே அதிகம் விற்கிறது. நார்ட்ரிப்டிலின் அமிட்ரிப்டிலினின் நெருங்கிய உறவு. வாய் உலர்வது, மலச்சிக்கல் எல்லாம் அதற்கும் உண்டு. ஒரே மாத்திரைக்குள் இரண்டும் இருக்கும்போது எது தொல்லை தருகிறது என்று கண்டுபிடிக்கவும் முடியாது, ஒன்றை மட்டும் குறைக்கவும் முடியாது. இன்னொரு பக்கம், வணிகப் பெயர்கள் எண்ணற்றவை. கால் எரிச்சலுக்குச் சர்க்கரை மருத்துவர் ஒரு பெயரில் எழுதுவார். முதுகுவலிக்கு எலும்பு மருத்துவர் இன்னொரு பெயரில் எழுதுவார். இரண்டு அட்டைகளின் பின்புறத்தையும் புரட்டிச் சிறிய எழுத்தைப் படித்தால் இரண்டிலும் பிரிகாபாலின் இருக்கும். நோயாளி தன்னையறியாமல் இரட்டை அளவு விழுங்கிக்கொண்டிருப்பார். வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரே பையில் போட்டு, எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தப் பையைக் கொண்டுபோவது மிகச் சாதாரணமான வேலை. இந்தப் பிழையைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தூக்க மாத்திரை இந்தக் கதைக்குள் நுழைவது இயல்பானதுதான். வலி தூங்கவிடாது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலியைத் தாங்கும் சக்தி குறையும். நான்கைந்து இரவு கண் விழித்தவர் ‘எதையாவது கொடுத்துத் தூங்க வையுங்கள்’ என்றுதான் கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. சோல்பிடெம், ஆல்ப்ரசோலம், குளோனசெபம் ஆகியவற்றில் ஒன்று எழுதப்படும். சில நாட்களுக்கு என்று தொடங்குவது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

ஒவ்வொன்றும் உடம்பில் தங்கும் நேரம் வேறு. சோல்பிடெமின் அளவு ரத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் பாதியாகும். குளோனசெபம் பாதியாக 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதாவது நேற்றிரவு போட்டதில் பாதிக்கு மேல் உடம்பில் இருக்கும்போதே இன்றிரவு அடுத்ததைப் போடுகிறோம். பகலெல்லாம் மந்தமாக இருக்கிறது, கணக்கு தப்புகிறது, கோபம் வருகிறது என்பவர்கள் அதை வலியின் மேலும் வயதின் மேலும் போடுவார்கள். விரைவில் வெளியேறும் சோல்பிடெமும் எல்லோரிடமும் ஒரே வேகத்தில் வெளியேறுவதில்லை. பெண்களின் உடம்பிலிருந்து அது மெதுவாக வெளியேறுவதால் காலையில் வண்டி ஓட்டும் நேரத்திலும் ரத்தத்தில் மிஞ்சியிருக்கிறது என்று கண்டறிந்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013இல் பெண்களுக்கான தொடக்க அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகக் குறைத்தது. அந்த மருந்து சந்தைக்கு வந்து அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2019இல் அதே நிர்வாகம், சோல்பிடெம் எடுத்தவர்களில் சிலர் தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது வரை போய்ப் பலத்த காயமும் மரணமும் நேர்ந்திருப்பதைச் சுட்டி, மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடச் சொன்னது. அப்படி ஒரு முறை நடந்தாலும் அந்த மருந்தை மறுபடி தொடக்கூடாது.

தனித்தனியாகச் சமாளிக்கக்கூடியவை ஒன்றுசேரும்போதுதான் உண்மையான அபாயம். பிரிகாபாலின் மூளையை மந்தமாக்கும், தூக்க மாத்திரையும் மந்தமாக்கும். வலிக்கென்று டிராமடால் சேர்ந்தால் அதுவும் மந்தமாக்கும். எல்லாம் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சின் வேகமும் ஆழமும் குறைந்துபோகலாம். 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கேபாபென்டின், பிரிகாபாலின் இரண்டுக்கும் இந்த எச்சரிக்கையை விடுத்தது. நுரையீரல் நோயுள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்றது. டிராமடால் டுலோக்செடினோடும் அமிட்ரிப்டிலினோடும் சேர்வதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. நடுக்கம், காய்ச்சல், படபடப்பு, தசை விறைப்பு என்று உடம்பு கொதிநிலைக்குப் போய்விடலாம். இரவில் கொஞ்சம் மது குடித்துவிட்டு மாத்திரை போடும் பழக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடம் அதை மறைக்கக்கூடாது. சளிக்கென்று சொல்லித் தூக்கத்துக்காகக் கடையில் கேட்டு வாங்கும் அலர்ஜி மாத்திரைகளும் அமிட்ரிப்டிலினின் வறட்சியை இரட்டிப்பாக்கும்.

முதியவர்களிடம் இது கீழே விழுவதில் போய் முடிகிறது. மரத்துப்போன பாதத்துக்குத் தரை தெரியாது. மாத்திரையால் தலை நிற்காது. குளியலறைத் தரையில் ஈரம். இடுப்பெலும்பு முறிந்தபின் பழையபடி நடமாடாத முதியவர்கள் எத்தனையோ பேர். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியல், 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஆல்ப்ரசோலம், குளோனசெபம் வகையையும் சோல்பிடெம் வகையையும் அமிட்ரிப்டிலினையும் தவிர்க்கச் சொல்கிறது. மூளையில் வேலை செய்யும் மருந்துகள் மூன்றோ அதற்கு மேலோ சேரக்கூடாது என்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவில் அந்த மூன்றும் சாதாரணமாக இருக்கும்.

இதைப் படித்துப் பயந்து இன்றிரவே எல்லாவற்றையும் நிறுத்திவிடக்கூடாது. இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். நெடுநாள் எடுத்த ஆல்ப்ரசோலம் வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பிரிகாபாலினைக் குறைந்தது ஒரு வாரத்திலாவது படிப்படியாகக் குறைக்க வேண்டும். நெடுநாள் எடுத்தவர்களுக்கு இன்னும் மெதுவாக. டுலோக்செடினைச் சட்டென்று விட்டால் தலைக்குள் மின்சாரம் தொட்டது போன்ற உதறல் வரும். தூக்க மாத்திரையை விட்ட முதல் சில இரவுகளில் பழைய தூக்கமின்மை முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும். ‘பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே இல்லை’ என்று பலர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். அது மருந்து விலகும்போது மூளை காட்டும் எதிர்வினை. பெரும்பாலானோருக்கு நாளடைவில் அடங்கும். அமெரிக்க அடிமைப்பழக்க மருத்துவச் சங்கம் 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆல்ப்ரசோலம் வகை மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் வரை குறைப்பதில் தொடங்கச் சொல்கிறது. மாதக்கணக்கான வேலை. மருத்துவர் துணையோடு செய்ய வேண்டிய வேலை.

மருந்து அல்லாத வழிகளைப் பற்றி நம் ஊரில் பேச்சே குறைவு. நெடுநாள் தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இலேயே பரிந்துரைத்தது மாத்திரையை அல்ல, தூக்கப் பழக்கத்தை மாற்றும் உளவியல் சிகிச்சையை. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராதபோது படுக்கையை விட்டு வெளியே வந்துவிடுவது, தூங்காமல் படுத்துக் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது என்று அதன் அடிப்படை எளியது; கடைப்பிடிப்பதுதான் கடினம். எரிச்சல் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இருந்தால், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் கலந்த களிம்பு, லிடோகெய்ன் பட்டை போன்றவை மூளையை மந்தமாக்காமல் அந்த இடத்தில் மட்டும் வேலை செய்யும். சர்க்கரைக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு உடம்பில் பி12 வைட்டமின் குறையக்கூடும். அந்தக் குறைபாடே கால் எரிச்சலைத் தரும். பிரிகாபாலின் அளவை ஏற்றுவதற்குமுன் ஒரு பி12 ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது எவ்வளவோ மேல். எந்த மருந்தும் வலியை முழுவதுமாக அழிப்பதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரிகாபாலினால் வலி பாதியாகக் குறைபவர்கள் சிலர்தான். சரியான அளவில் சில வாரங்கள் எடுத்தும் பயனில்லை என்றால், பக்கவிளைவை மட்டும் சுமந்துகொண்டு அதைத் தொடர்வதில் பொருளில்லை.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ‘தலை ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்று சொன்னால் அது அங்கே எடுபடாது. மாத்திரை போட்ட நேரம், கிறுகிறுப்பு வந்த நேரம், தடுமாறிய இடம், காலையில் தெளிவு வந்த நேரம் என்று இரண்டு வாரம் ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதிக் கொண்டுபோனால் பேச்சே மாறும். இரவு பத்து மணி மாத்திரையை எட்டு மணிக்கு மாற்றினாலே காலை மந்தம் சிலருக்குக் குறைந்துவிடும். அப்படி மாற்றலாமா என்று சொல்ல மருத்துவருக்கு அந்தக் குறிப்பு வேண்டும். மருந்தின் தீயவிளைவைப் பொதுமக்கள் நேரடியாக அரசுக்குத் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் உண்டு. நோயாளிகளே நிரப்பும் படிவம் தமிழிலும் இருக்கிறது. மருந்துக்கடைச் சீட்டில் உள்ள மருந்தின் பெயர், அளவு, தொகுப்பு எண், தொடங்கிய தேதி, தொல்லை தொடங்கிய தேதி ஆகியவை கையில் இருந்தால் அதை நிரப்ப அதிக நேரம் ஆகாது.